மூன்றாவது உதாரணம்

சாங்கி,
7 மே 1961, ஞாயிறு

அன்புள்ள மங்களம்,

நீ என்னோடு பேசாமல் நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. கிறிஸ்துமஸ் வந்தால் ஒரு வாழ்த்து அட்டை போடுகிறேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. சாங்கிக்கும் தேக்காவுக்கும் நடுவில் என்ன கடலா இருக்கிறது? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். இருந்தும் நேரில் வந்து உன் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தக் கடிதத்துக்குக் காரணம் இருக்கிறது, அதனால் படிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதே.

அச்சகத்து ரவூப் பாய் நேற்று ஆள் அனுப்பியிருந்தார். நம்முடைய ‘மருத்துவச்சியர் சொல்விளக்கம்’ முந்நூறு பிரதியும் தீர்ந்துபோயிற்றாம். பயிற்சிக்குச் சேரும் நம் பெண்கள் இன்னும் வந்து கேட்கிறார்களாம். இரண்டாம் பதிப்புப் போடலாமா என்கிறார். அட்டையில் இரண்டு பேர் பெயர் இருக்கிறது, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் மெஷினை ஓட்டுவேன் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு 1956ஆம் வருடம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. புதன் சாயங்காலமும் சனி மத்தியானமும் என் வகுப்பறையைப் பூட்டாமல் வைத்திருப்பேன். நீ டியூட்டி முடிந்து வெள்ளை யூனிஃபார்மோடு, டெட்டால் வாசனையோடு வந்து முதல் பெஞ்சில் தொப்பென்று உட்காருவாய். “இன்னிக்கு சிஸ்டர் இந்த வார்த்தையச் சொல்லித் திட்டினாங்க, திட்டுன்னு தெரியுது, என்ன திட்டுன்னுதான் தெரியல” என்று பஞ்சுப் பொட்டலத்தின் மேல் கிறுக்கிய ஆங்கிலச் சொல்லை நீட்டுவாய். நீ சிரிக்கிற சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்ப்பான். பழைய பால் டின்னில் கோப்பி வாங்கி இரண்டு குவளையில் ஊற்றிக் குடிப்போம்.

ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. பொருள், எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது, கூடவே மூன்று உதாரணம். உதாரணம் நம் பெண்கள் தினமும் பார்க்கிற பொருளாக இருக்க வேண்டும், நாம் இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததாகவும் இருக்க வேண்டும். பார்த்த பிறகு இரண்டு பேரும் கையெழுத்து. அந்தச் சட்டத்தைப் போட்டவள் நீ.

‘பைஃபிட்’ என்ற சொல்லுக்காக அலைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்றாக வந்து நுனியில் இரண்டாகப் பிரிந்தது என்று பொருள். நான் ‘பிளந்த’ என்று எழுதினேன். “பிளந்ததுன்னா யாரோ வெட்டின மாதிரி இருக்கு டீ. இது பிறவியிலேயே அப்படி வளர்ந்தது. கவைத்ததுன்னு போடு” என்று அடித்தாய். என் பேனா முள்ளைக் காட்டினேன், “அது மனுஷன் கீறினது, தள்ளு” என்றாய். சிராங்கூன் ரோடு பிரிகிற இடத்தைக் காட்டினேன். உடம்புக்கும் செடிகொடிக்கும்தான் சொல்லலாம், ரோட்டுக்கு ஆகாது என்று அகராதியைப் பார்த்து நானே அதை விட்டேன். கடைசியில் மரக்கிளையும் நுனி பிரிந்த இலையும் தேறின, மூன்றாவதுக்குத் தேக்கா மார்க்கெட்டில் மீன் மீனாக வாலைத் தூக்கிப் பார்த்தோம். “மிஸ்ஸி, வாங்குறதுன்னா வாங்கு, வாலைப் பிடிச்சு ஜோசியம் பார்க்காத லா!” என்று மீன்காரர் கத்தினாரே!

அந்த அட்டையைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அச்சுப்படி திருத்திய அன்று நீ டியூட்டியில் இருந்தாய். மூன்றாவது உதாரணமாக இருந்த மீன் வாலை நான் எடுத்துவிட்டேன். மீன் வாலுக்கு ஆங்கிலத்தில் வேறு சொல்தான் சொல்வார்கள். அகராதி கொடுக்கிற உதாரணம் பாம்பின் நாக்கு. அதையே போட்டு, உன் கையெழுத்தையும் நானே போட்டேன். நீ கவனித்தாயோ என்னவோ. ஒருவேளை அதற்குத்தான் கோபமா? சேச்சே, ஒரு மீன் வாலுக்காக நான்கு வருடம் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை நீ.

என்னை மாற்றல் செய்து சாங்கிக்கு அனுப்பியபோது அண்ணன் பெர்னார்ட் வீட்டில் தங்கலாம் என்று சந்தோஷமாகத்தான் வந்தேன். இங்கே கடல் இருக்கிறது, காற்று இருக்கிறது. பேச ஆள் இல்லை.

உன்
பிரிஜட்


பஃபலோ ரோடு,
16 மே 1961

மதிப்பிற்குரிய பிரிஜட் டீச்சர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டாம் பதிப்புக்கு நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை. ரவூப் பாயிடமும் சொல்லிவிட்டேன்.

கோபம் அந்த வரிக்காகத்தான். தாங்கள் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள், நான்தான் மூன்று தடவை மடித்து வைத்துப் படித்து முடித்தேன்.

என் தங்கை தங்கத்தைத் தங்களுக்குத் தெரியும். அவள் கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறியவர் தாங்கள். புக்கிட் பாஞ்சாங் பத்தாவது மைலில், குவாரி லாரி ஓட்டும் துரைசாமிக்குக் கொடுத்தோம். தாங்கள் சாங்கிக்குப் போன அடுத்த மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வசுமதி என்று பெயர். பிறந்த பத்தாம் நாள் குடித்த பாலில் கொஞ்சம் மூக்கு வழியே வந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு வருவதுதான். வீடு வீடாகப் பார்க்க வந்த பயிற்சி மருத்துவச்சி ஒருத்தி வாயைத் திறந்து பார்த்தாள். நம் புத்தகத்தை மனப்பாடம் செய்தவள். மாமியார் அன்னம்மா பக்கத்தில் நின்று “என்னம்மா அது?” என்று கேட்டார். அந்தப் பெண் படித்தபடி உதாரணத்தோடு சொன்னாள். “ஒண்ணுமில்ல பாட்டிம்மா, உள்நாக்கு நுனியில ரெண்டா இருக்கு. பைஃபிட்னு சொல்லுவாங்க. பாம்பு நாக்கு மாதிரி.”

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கம்பத்துக் கிராமம் முழுக்கத் தெரிந்துவிட்டது, துரைசாமி வீட்டில் பாம்பு நாக்கோடு பிள்ளை பிறந்திருக்கிறது என்று. அதே வாரம் அவருடைய லாரி குவாரிச் சரிவில் கவிழ்ந்தது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அன்னம்மாவுக்கு அது போதும். நாகதோஷம், இந்தப் பிள்ளை வீட்டில் இருந்தால் மகன் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, நாற்பதாம் நாள் தங்கத்தையும் குழந்தையையும் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நான் பெரிய டாக்டரிடமே காட்டினேன். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு அப்படி இருக்கும், ஒரு கெடுதலும் இல்லை என்றார். அதை அன்னம்மாவிடம் சொன்னதற்கு, “உங்க தங்கச்சி பிள்ளை, நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க” என்றார்.

அதற்குப் பிறகுதான் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மரக்கிளை இருக்கிறது, இலை இருக்கிறது, பாம்பு இருக்கிறது, என் மீன் வாலைக் காணோம். அச்சகத்துக்குப் போய் அச்சுப்படியைக் கேட்டு வாங்கினேன். ஓரத்தில் ‘மங்களம்’ என்று தங்கள் கையெழுத்து. ‘ள’வைத் தாங்கள் சுழிக்கிற சுழி எனக்குத் தெரியாதா?

வசுமதிக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. நன்றாகப் பேசுகிறாள், பாடுகிறாள். அப்பா எங்கே என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
மங்களம்


சாங்கி,
21 மே 1961

மங்களம்,

உன் கடிதத்தை நான்கு நாளாகக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். பூசையில்கூட அதுதான் மனதில் ஓடுகிறது. எனக்கு இதெல்லாம் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தங்கத்துக்குப் பிள்ளை பிறந்ததே தெரியாது. ஏன் அப்போதே ஒரு வரி எழுதவில்லை? வந்து என் தலைமுடியைப் பிடித்து ஆட்டியிருக்கலாமே.

ஆனால் ஒன்று. நான் எழுதியது தப்பில்லை. அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. மீன் வாலுக்கு அந்தச் சொல் பொருந்தாது, பாம்பின் நாக்குக்குப் பொருந்தும். பரீட்சையில் எந்த வெள்ளைக்காரர் கேட்டாலும் நம் பெண்கள் தைரியமாகச் சொல்லலாம். யாரோ ஒரு பெண் அதை எங்கே சொல்வது என்று தெரியாமல் சொன்னால், அதைக் கேட்டு ஒரு கிழவி பிள்ளையை வெளியே அனுப்பினால், அதற்கு நானா பொறுப்பு? உன் கையெழுத்தைப் போட்டது தப்புதான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதை எல்லாம் என் தலையில் கட்டாதே.

‘டீச்சர் அவர்களுக்கு’ என்று எழுதியிருக்கிறாயே, என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பிரிஜட்


பஃபலோ ரோடு,
4 ஜூன் 1961

டீச்சர்,

தாங்கள் எழுதியது சரிதான். சரியாக எழுதத் தெரிந்தவரிடம் யார் வாதாட முடியும்? ஆனால் நான் கேட்கிறேன், தாங்கள் அப்படிப்பட்ட உள்நாக்கை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? நான் வார்டில் பார்த்திருக்கிறேன். குட்டிக் குட்டியாக, சிவப்பாக, ஈரமாக, பார்த்தால் கொஞ்சத்தான் தோன்றும். பாம்பு ஞாபகமே வராது. தாங்கள் அகராதியைப் பார்த்தீர்கள், பிள்ளையைப் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதக்கூடாது என்று சேர்ந்துதானே சட்டம் போட்டோம்?

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். ‘வீட்டாரிடம் விளக்கும்போது உதாரணத்தோடு சொல்லவும்’ என்று முன்னுரையில் எழுதியவள் நான். அந்தப் பெண் என் பேச்சைக் கேட்டுத்தான் உன் உதாரணத்தைச் சொன்னாள். இதை நினைக்காத நாள் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். துரைசாமி மோசமான மனிதர் இல்லை. மாதம் ஒரு தடவை மீன் வாங்குவது போலத் தேக்காவுக்கு வருவார். எதிர்க்கடை அஞ்சடி நடைபாதையில் நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு பொட்டலம் மிட்டாயைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அம்மாவை மீறி ஒரு வார்த்தை வராது. இரண்டு மாதமாக அவரையும் காணோம். போன வாரம்தான் காரணம் தெரிந்தது. அன்னம்மா மகனுக்கு இரண்டாம் தாரம் பார்க்கிறார். புதுச் சட்டம் பாஸாகிவிட்டதே, இனி ஒருவனுக்கு ஒருத்திதான் என்று. அது செப்டம்பரில் அமலுக்கு வருமாம். அதற்கு முன்னால், ஆடி முடிந்த கையோடு, ஆவணி முதல் ஞாயிறு பரிசம் போட்டு அடுத்த வாரமே தாலி கட்டிவிடத் திட்டம். அந்தச் சட்டம் யாருக்காக வந்ததோ, என் தங்கைக்கு அது எமனாக வருகிறது.

தங்கம் அழுவதில்லை. சாப்பிடுவதும் இல்லை. துணி தைத்துக்கொண்டே இருக்கிறாள்.

நான் போய்ச் சொன்னால் அன்னம்மா கேட்க மாட்டார், நான் தங்கத்தின் அக்கா. நீ போ. நீதான் எழுதினாய், நீ போய்ச் சொல். ‘அந்த வரி சாபமும் இல்லை, ஜோசியமும் இல்லை, நான் மேஜையில் உட்கார்ந்து மாற்றி எழுதினது’ என்று உன் வாயால் சொல். வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

மங்களம்

எழுதி முடித்துப் பார்த்தால் நடுவில் ‘நீ’ என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்த நேரமில்லை, டியூட்டிக்குப் போகிறேன்.


சாங்கி,
25 ஜூன் 1961

மங்களம்,

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை. நான் பார்த்ததில்லை.

என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பெரிய படிப்பாளி மாதிரி உன்னிடம் அகராதியை நீட்டினேன்.

ஆனால் போவதற்குப் பயமாக இருக்கிறது. முன்பின் தெரியாத வீடு. நான் வேதக்காரி, கல்யாணம் ஆகாதவள், ஸ்கர்ட் போட்டுக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவள். நாகதோஷம் பற்றி நான் என்ன பேசுவது? ‘உங்களுக்கு என்ன தெரியும்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அதனால் அன்னம்மா அம்மாவுக்கு நான்கு பக்கம் விளக்கமாக ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்து எழுதியது. நீயே படித்துப் பார்த்துத் தபாலில் சேர்த்துவிடு. ரவூப் பாயிடம் சொல்லி ஒரு திருத்தச் சீட்டும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிரிஜட்


பஃபலோ ரோடு,
29 ஜூன் 1961

பிரிஜட்,

அன்னம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது!

நான்கு பக்கம்! முத்து முத்தாகக் கையெழுத்து, ஒரு சந்திப்பிழை இல்லை. அதை அவர் அடுப்பு பற்ற வைக்கத்தான் எடுப்பார். அடி பைத்தியக்காரி, உனக்கு எல்லாமே காகிதத்தில்தானா? கோபத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன், மூன்றாம் பக்கத்தில் சிரித்துவிட்டேன். ‘தங்கள் சமூகத்திற்கு வணக்கத்துடன் தெரிவிப்பது யாதெனில்’ என்று அன்னம்மாவுக்கு எழுதுகிறவள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். தங்கம் என்ன என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். மூன்று மாதத்தில் அன்றுதான் அவள் முகத்தில் பல் தெரிந்தது.

கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பச்சை பஸ்ஸில் ஏறி பத்தாவது மைலில் இறங்கு. சீனன் கடைக்குப் பின்னால் மண்ரோடு. வாசலில் மிளகாய் காயும். பக்கத்து வீடு ஆமினா பீவி, நல்லவர், வழி கேட்டால் சொல்லுவார்.

ஆவணி பிறக்க ஏழு வாரம்தான் இருக்கிறது.

மங்களம்


சாங்கி,
24 ஜூலை 1961, திங்கள்

மங்களம்,

நேற்றுப் போனேன். மூன்று பஸ் மாறி, போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. எல்லாவற்றையும் அப்படியே எழுதுகிறேன், கடைசிவரை படி.

துரைசாமி வீட்டில் இல்லை. அன்னம்மா வாசலில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆமினா பீவி. பெயரைச் சொல்லி, “அந்தப் புத்தகத்த எழுதினது நான்தாம்மா. பாம்புன்னு போட்டது தப்பு. மன்னிச்சிருங்க” என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த எட்டு வாக்கியத்தில் இவ்வளவுதான் வந்தது.

அன்னம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீங்க எழுதினா என்ன, எழுதலன்னா என்ன டீச்சரம்மா? பிள்ளை வாயில இருக்கிறது இருக்கிறதுதானே. நீங்க அழிச்சா அது ஒண்ணாயிருமா?” என்றார். நியாயமான கேள்வி.

“நூறு பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு இருக்கும்மா” என்றேன்.

“யாருக்கு? காட்டுங்க பார்ப்போம். நீங்க பார்த்திருக்கீங்களா?”

உன் கேள்வியையே அவரும் கேட்டார். இல்லை என்றேன்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. மிளகாய்த் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். “பார்க்காமலே எழுதுவாங்களாம், பார்க்காமலே மன்னிப்பும் கேட்பாங்களாம்! எங்க பரம்பரையில இந்த மாதிரி யாருக்கும் கிடையாது. எல்லாம் அவ கொண்டுவந்தது. பாருங்க, நல்லாப் பாருங்க லா!” என்று தலையை அண்ணாந்து வாயை ‘ஆ’வென்று திறந்துவிட்டார். உச்சி வெயில். நேராகத் தொண்டைக்குள் விழுந்தது.

மங்களம், நான் பார்த்தேன். என் ஆயுளில் முதல் தடவையாகப் பார்த்தேன். நுனியில் இரண்டாக, சின்னதாக, நீ சொன்னபடியே சிவப்பாக, ஈரமாக. அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். அறுபது வருடமாக அந்த வாய்க்குள் இருக்கிறது. யாரும் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை.

ஆமினா பீவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் கம்பம் முழுக்கத் தெரிந்துவிடும். உன் தங்கைக்கு நடந்தது அந்த அம்மாவுக்கு நடக்கும். எனக்கு ஆசையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு தடவை பார்க்காமல் எழுதி ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன், இப்போது பார்த்ததைச் சொல்லி இன்னொருத்தியைக் கெடுக்கவா என்று வாயை மூடிக்கொண்டேன்.

“தலை சுத்துதும்மா, உள்ள வந்து கொஞ்சம் தண்ணி குடிக்கட்டுமா?” என்று கேட்டேன்.

உள்ளே ஜன்னல் பக்கத்தில் துரைசாமி சவரம் செய்கிற கண்ணாடி மாட்டியிருந்தது. அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் நிற்க வைத்து, மெதுவாகச் சொன்னேன். நம்பவில்லை. திட்டினார். பிறகு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடி முழுக்க மூச்சுப் படிந்துவிட்டது, முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வெளியில சொல்லிருவீங்களா?” என்று கேட்டார்.

“மங்களத்துக்கு எழுதுவேன். வேற யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “இங்கிலீஷ்ல என்னமோ பேரு சொன்னாளே அந்தப் பொண்ணு” என்றார்.

“பைஃபிட்.”

“அப்படின்னா?”

“ஒண்ணா வந்து நுனியில ரெண்டா விரிஞ்சது. பிறக்கும்போதே அப்படி. யாரும் வெட்டினதில்ல, யாரும் விட்ட சாபமும் இல்ல.”

“எது மாதிரின்னு சொல்லுங்க டீச்சரம்மா. அப்பத்தானே எனக்கு விளங்கும்?”

மரக்கிளை, மீன் வால், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“உங்க மாதிரிம்மா” என்றேன். “உங்க பேத்தி உங்க மாதிரி.”

கண்ணாடியைப் பழைய இடத்தில் மாட்டினார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, போயிட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான். பிள்ளையைப் பற்றியோ தங்கத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. பரிசத்தை நிறுத்துவதாகவும் சொல்லவில்லை. நான் தோற்றுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். தங்கத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

பஸ்ஸில் வரும்போது நம் வகுப்பறை ஞாபகம் வந்தது. மழை பெய்கிற சனிக்கிழமைகளில் ஜன்னலைச் சாத்திவிட்டு, இருட்டில் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்போமே. நீ தப்புத் தப்பாக உச்சரிப்பாய், நான் திருத்துவேன். நான் தப்பாகப் புரிந்துகொள்வேன், நீ திருத்துவாய். அந்த மாதிரி இனி எனக்கு ஒரு வருடம் அமையாது.

பிரிஜட்


பஃபலோ ரோடு,
22 ஆகஸ்ட் 1961

என் பிரிஜட்டுக்கு,

நான்கு வாரம் உனக்கு எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதே. எழுத ஒன்றும் இல்லை. பத்தாவது மைலிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. உன் கடிதத்தைத் தங்கத்துக்குப் படித்துக் காட்டினேன். “அத்தைக்குமா?” என்று ஒரு தடவை கேட்டாள், அதோடு சரி. யாரிடமும் சொல்லவில்லை. நீ கொடுத்த வாக்கை நாங்களும் காப்பாற்றினோம்.

ஆவணி முதல் ஞாயிறு, அதுதான் நேற்று முன்தினம், பரிச நாள். காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பத்து மணி இருக்கும். குவாரி லாரி ஒன்று அஞ்சடியை ஒட்டி நின்றது. துரைசாமி இறங்கினார். மறுபக்கக் கதவிலிருந்து அன்னம்மா இறங்கினார். பட்டுப்புடவை, கையில் பூவும் பழமும் வைத்த தட்டு. பரிசத்துக்கென்று வாங்கிய தட்டு, பிரிஜட். வேறு வீட்டுக்குப் போக வேண்டியதை இங்கே கொண்டுவந்துவிட்டார்.

வசுமதி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அன்னம்மா தட்டைப் படியில் வைத்துவிட்டு, அவள் முன்னால் குந்தினார். “வாயைத் திற கண்ணு” என்றார். ஆஸ்பத்திரிக்காரி வீட்டில் வளர்ந்தவள் இல்லையா, கண்ணாடியில் தன்னுடையதைப் பார்த்துப் பழகியவள், ‘ஆ’ என்று காட்டினாள். அன்னம்மா பார்த்தார். பிறகு, “இப்ப என்னோடதப் பாரு” என்று தன் வாயைத் திறந்தார்.

அவ்வளவுதான். “பெரியம்மா! பெரியம்மா! இந்தப் பாட்டிக்கும் எனக்கு மாதிரியே இருக்கு!” என்று ரோடே அதிர ஒரு கத்தல். மாலை கட்டுகிறவர், வெற்றிலைக்கடைக்காரர், பால்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ அடக்கிய வார்த்தையை அந்தக் குட்டி பஃபலோ ரோடு முழுவதற்கும் அறிவித்துவிட்டாள். அன்னம்மாவுக்கு முகம் சுருங்கிவிடும் என்று பயந்தேன். அவர் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஆமாடி, எனக்கு இருக்கிறதுதான் உனக்கு வந்திருக்கு. என்னை அப்படியே உரிச்சு வச்சிருக்க” என்று அதைவிடச் சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஓவென்று அழுதார்.

தங்கம் உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. அரைமணி நேரம் காக்க வைத்தாள். அப்புறம் வந்து, மாமியாரை ஒன்றும் சொல்லவில்லை, புருஷனைத்தான் கேட்டாள். “நாலு வருஷமா மீன் வாங்க வந்தீங்களே, ஒரு நாளாவது என்னைக் கூட்டிட்டுப் போகணும்னு தோணலையா?” அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “இனிமே அம்மா சொன்னாங்க, ஆட்டுக்குட்டி சொல்லுச்சுன்னு நின்னீங்கன்னா, நானே போயிருவேன், யாரும் கொண்டுவந்து விட வேணாம்” என்றாள். அவர் சரி சரி என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் பெட்டியைக் கட்டினாள்.

மூன்று மணிக்கு லாரி கிளம்பிவிட்டது. வசுமதி நடுவில் உட்கார்ந்து ஹாரனை அடித்துக்கொண்டே போனாள். எனக்குக் கைகூடக் காட்டவில்லை. லாரியில் போகிற சந்தோஷம்.

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. உன்னிடம் அதட்டிக் கேட்டேன், நீயும் போய் வாங்கிக் கொடுத்துவிட்டாய். நேற்று டியூட்டியிலிருந்து வந்து, பழக்கத்தில் மூன்று தட்டு எடுத்து வைத்தேன். பிறகு இரண்டைத் திருப்பி வைத்தேன். நாற்பதாம் நாளிலிருந்து அவளைக் குளிப்பாட்டியது நான். முதலில் நடந்து வந்தது என்னை நோக்கித்தான். நான்கு வருடம் உன் மேல் இருந்த கோபத்திலேயே நாளை ஓட்டிவிட்டேன், இப்போது அந்தக் கோபமும் இல்லை, பிள்ளையும் இல்லை. வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

ரவூப் பாயிடம் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தை என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசுவோம். அதெல்லாம் ஒரு சாக்கு. சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஏறி வா. இரண்டு தட்டு எடுத்து வைக்கிறேன்.

மங்களம்